ஏழெட்டு ஐம்பத்துநாலு

புதன். பகல் 12.10.

லாக்கர் திறந்தது. உள்ளே குடை இருந்தது. கால்குலேட்டர் இருந்தது. பாதி தின்ற பிஸ்கெட் பாக்கெட்கூட ரப்பர் பேண்ட் போட்டபடி அப்படியே இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்க நகல் கட்டு மட்டும் இல்லை.

பூட்டு உடையவில்லை. சாவி லாக்கருக்குச் சொந்தக்காரியான மாணவி சின்னவளின் கையில்தான் இருந்தது. அவள் குடையை எடுத்து உதறிப் பார்த்தாள். நூறு பக்கக் கட்டு குடைக்குள் எப்படி இருக்கும்? பதறினவளுக்கு அதெல்லாம் தெரியுமா?

"காலைல இங்கதான் வெச்சேன் மேடம். சத்தியமா இங்கதான்."

பின்னால் நின்ற பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இரண்டாம் மாடிப் படிப்பறையில் இருந்த அத்தனை மாணவர்களுக்கும் அது தெரியும்.

"நாலு மணிக்கு முதல்வர் ரூமுக்கு வா. அம்மாவையும் கூட்டிட்டு வா."

அவ்வளவுதான். நாலு மணி விசாரணையில் குற்றம் உறுதியானால் பெயரை அடித்துவிடுவார்கள். இந்தக் கல்லூரி மட்டுமில்லை, இன்னொரு கல்லூரியும் வாசலில் நிற்க விடாது.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை கால்குலஸ் தேர்வு. நாற்பத்திரண்டு பேர் எழுதினார்கள். ஏழாம் கேள்வி ஒரு தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் விழும் வேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் கூடுகிறது. ஏழு நிமிஷத்தில் மொத்தம் எத்தனை லிட்டர்? இன்டக்ரல் போட்டால் கடைசியில் முந்நூற்று நாற்பத்து மூன்றும் ஏழெட்டும் கூட்ட வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு. விடை 399. நாற்பது பேர் அதைத்தான் எழுதியிருந்தார்கள். ஒருவன் எதுவும் எழுதவில்லை, அவன் எப்போதுமே எழுதுவதில்லை. சின்னவள் மட்டும் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று போட்டு 397 எழுதியிருந்தாள்.

அதில் என்ன குற்றம்? வாய்ப்பாடு தப்பினால் தூக்கில் போடுவார்களா என்ன! வினை எங்கே வந்தது என்றால், விடைத்தாள் திருத்துவதற்காகத் தயாரித்த விடைக்குறிப்பிலும் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்றே இருந்தது. அதே தப்பு, அதே வரி, அதே வரிசை. விடைக்குறிப்பு தேர்வுக்கு முந்தின வியாழக்கிழமையிலிருந்து பேராசிரியையின் பூட்டாத மேஜை இழுப்பறையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை சந்தேகம் கேட்கப் போன சின்னவள் அந்த அறையில் ஐந்து நிமிஷம் தனியாக இருந்தாள். முந்தைய இரண்டு க்விஸ்ஸிலும் பத்துக்கு மூன்று, பத்துக்கு நான்கு. இந்தத் தேர்வில் மட்டும் ஐம்பதுக்கு நாற்பத்தாறு. கேட்கிறவன் என்ன நினைப்பான்?

"எங்க அண்ணன் நோட்டுல அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் சின்னவள்.

அண்ணன் செத்துப் பதினாலு மாதம் ஆகிறது. அவனும் இதே கல்லூரி, இதே பாடம், இதே படிப்பறை. ஜன்னலோர மேஜையில்தான் உட்காருவான். அவன் போன பிறகு அந்த மேஜையில் யாரும் உட்காருவதில்லை. உட்காராதே என்று யாரும் சொல்லவுமில்லை.

பேராசிரியை நியாயமானவர். "நோட்டைக் கொண்டு வரச் சொல்லு" என்றார். அம்மா 11.20-க்கு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பக்கம் எழுபத்தொன்று. தொட்டிக் கணக்கு இருந்தது. ஏழெட்டு ஐம்பத்துநாலும் இருந்தது. ஆனால் அந்த ஐம்பத்துநாலைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம், ஓர் அம்பு, பக்கத்தில் '56, 399, வாய்ப்பாடுடா மடையா!' என்று அண்ணனின் கையெழுத்து.

தப்பு திருத்தப்பட்டிருந்தது. திருத்தியதைப் படித்தவள் தப்பை ஏன் எழுதினாள்?

"என் காப்பில இந்த நீலம் இல்ல மேடம்!" என்றாள் சின்னவள். அம்மா அசலை வீட்டுப் பெட்டியிலிருந்து வெளியே விடமாட்டார். மகளுக்கு நகல்தான். பேராசிரியை போன் பேசிவிட்டு வந்ததும், அந்த நகலை எடுக்கத்தான் லாக்கருக்கு ஓடினாள். மீதியைப் பார்த்துவிட்டோம்.

பகல் 12.40.

மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு அக்கா. இருபது வருஷமாக அங்கேதான். கால்குலஸ் என்றால் என்ன என்று கேட்டால், "பரீட்சைக்கு முந்தின நாள் எல்லாரும் அழுதுகிட்டே காப்பி எடுக்கறது" என்பாள். யார் தேறுவார்கள், யார் மாட்டார்கள் என்று நகல் எடுக்கும் பக்கத்தை வைத்தே சொல்வாள். பெரும்பாலும் பலிக்கும்.

அக்கா அப்போது ஒரு மாணவனை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன, ரோஸ் கலர்ல கோடு? கறுப்புல போட்டுட்டு வா. என் மெஷினுக்கு வெளிர்னு எதுவும் தெரியாது. அதுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. நகரு, பின்னாடி ஆளு நிக்குது."

பின்னாடி நின்ற ஆள் சின்னவளின் அம்மா, தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையில் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து வந்திருந்தார். பக்கத்தில் சின்னவள், அழுது வீங்கிய கண்ணோடு.

"ஆறு மாசம் முன்னாடி உங்ககிட்டதானே நகல் எடுத்தேன்?" என்றார் அம்மா. "நகல் எடுத்தது நெஜம்னு மட்டும் வந்து சொல்லுங்கம்மா. அவ பொய் சொல்றான்னு சொல்றாங்க. பொய் சொல்ற புள்ள இல்ல."

அக்கா இருவரையும் உட்கார வைத்தாள். ஒரே ஸ்டூல்தான். அம்மா ஸ்டூலில், சின்னவள் தாள் கட்டுகளின் மேல்.

"முதல்ல நீ சொல்லு. அந்தக் கணக்கை நீ போட்டியா, படிச்சியா?"

சின்னவள் விழித்தாள்.

"போட்டியான்னா, வெறும் தாளை வெச்சுக்கிட்டு, எதையும் பார்க்காம, நீயா போட்டியா?"

"இல்லக்கா. படிச்சேன். எல்லாத்தையும் இருபது தடவை படிச்சேன். கண்ணை மூடினா வரி வரியா வரும்."

"கிளிப்பிள்ளை மாதிரி."

"பரீட்சைல அந்தத் தொட்டியைப் பார்த்ததும்..." சின்னவளின் குரல் இறங்கியது. "நான் எழுதலக்கா. என் கை எழுதுச்சு. யாரோ பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அண்ணன் குரல்தான்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவுக்கு முதுகில் சில்லென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "பேயா இருந்தாலும் உங்கண்ணன் பேய் சரியாத்தான் சொல்லியிருக்கும். அவன்தான் திருத்திட்டானே" என்றாள். "நோட்டைக் குடுங்கம்மா."

அம்மா தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

முதல் பக்கத்தில் மூன்று வரி. 'பார்க்காம போடு. தப்பை அழிக்காதே. மறுநாள் வந்து பாரு.' அதற்குக் கீழே ஒழுங்காக, பக்கத்துக்கு ஒரு கணக்கு. க்விஸ்ஸில் விட்டது, பயிற்சித்தாளில் விட்டது, தேர்வில் விட்டது. கறுப்புப் பேனாவில் தான் செய்த தப்பை அப்படியே எழுதியிருந்தான். மறுநாள் தேதி போட்டு நீலத்தில் வட்டம், அம்பு, ஒரு திட்டு. ஒரு பக்கத்தில் 'மைனஸ் எங்கடா, தின்னுட்டியா?' என்று இருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு சங்கடமாக இருந்தது.

கடைசிப் பக்கத்தில் மட்டும் நீலமே இல்லை. கறுப்பில் ஒரு கணக்கு. தேதி, பரீட்சைக்கு முந்தின நாள்.

"இதுல ஏன் ஒண்ணும் எழுதல?"

"அது மறுநாள் பார்க்க வேண்டியது" என்றார் அம்மா.

அக்கா அந்தத் தேதியின் மேல் விரலை வைத்தாள். மெஷின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"இந்த நீலம் என்ன பென்சில்? கடைல பார்த்த மாதிரி இல்லையே."

"என்னோடதும்மா. துணியில குறி போடற பென்சில். துவைச்சா போயிடும். என் பெட்டியிலேருந்து தூக்கிட்டுப் போயிடுவான், எத்தனை திட்டியிருக்கேன்!"

"சரி. இந்த நோட்டு எப்பவாவது வெளிய போச்சா?"

"என்னோட மட்டும்தான். அன்னைக்கு உங்ககிட்ட, இன்னைக்கு மேடம்கிட்ட. ராத்திரி தலைமாட்டுலதான் வெச்சுப் படுக்கறேன்."

"அதுக்கு முன்னாடி? அவன் இருந்தப்போ?"

"அவன் பையில இருக்கும். அந்தப் பரீட்சை அன்னைக்கு ஆறரைக்கே ஸ்கூட்டர்ல கிளம்பினான். பையை நான்தான் அடுக்கிக் குடுத்தேன். தண்ணி பாட்டில், கால்குலேட்டர், ரெண்டு பேனா, ஹால் டிக்கெட். பரீட்சை ஒன்பதுக்கு, ஏண்டா இவ்வளவு சீக்கிரம்னேன். வேலை இருக்குன்னான். ஏழேகாலுக்கு லாரி..." அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார். "பையைத் திருப்பிக் குடுத்தப்போ எல்லாம் அப்படியே இருந்துச்சும்மா. நோட்டு, பாட்டில், பேனா. பாட்டில்ல தண்ணிகூடச் சிந்தல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. காலேஜ் வீட்டுக்குக் கிழக்கால. அவன் மேற்கால, பழைய பாலத்து ரோட்டுல என்ன பண்ணான்? பதினாலு மாசமா யார்கிட்டயெல்லாமோ கேட்டுட்டேன். தற்கொலையான்னுகூட ஒருத்தர் கேட்டாரு."

அக்கா நோட்டை மூடினாள். அவள் கண் ஒரு நிமிஷம் மெஷினின் கண்ணாடி மேல் நின்றது.

"நீங்க இங்கயே இருங்க. நோட்டை யார்கிட்டயும் குடுக்காதீங்க."

பகல் 1.30.

பேராசிரியை சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "ஜெராக்ஸ் அக்காவா? என்ன விஷயம்?"

"ரெண்டு கேள்வி மேடம். அசல் நோட்டை இங்க பிரிச்சுப் பார்த்தப்போ யார் யார் இருந்தாங்க?"

"நான், அந்தப் பொண்ணு, அம்மா, துணை ஆசிரியர்."

"பார்த்ததுக்கு அப்புறம், லாக்கரைத் திறக்கறதுக்கு முன்னாடி, யார் வெளிய போனாங்க?"

"நான் போனேன். போன் வந்துச்சு, வராந்தாவுல பத்து நிமிஷம் பேசினேன். துணை ஆசிரியர் மார்க் பதிவேடு எடுக்கப் போனார். அம்மாவும் பொண்ணும் இங்கயே அழுதுட்டு இருந்தாங்க." பேராசிரியை கண்ணாடியைத் துடைத்தார். "அந்தக் கட்டை அவளே ஒளிச்சிருப்பா. அதுலயும் நீலத் திருத்தம் இருந்தா மாட்டிப்பாளே. இது கூடவா புரியல?"

"புரியுது மேடம். லாக்கருக்கு மாத்துச் சாவி?"

"படிப்பறையில ஆணியில தொங்கும். யார் வேணா எடுக்கலாம்."

"விடைக்குறிப்பை எழுதினது நீங்களா?"

"துணை ஆசிரியர். கேள்வி பழைய பயிற்சித்தாள்லேருந்து எடுத்தது, விடை அவர் போட்டது. நான் சரிபார்க்காதது என் தப்பு. அதை ஒத்துக்கறேன்."

பகல் 2.10.

துணை ஆசிரியரை எல்லாரும் நெட்டை என்பார்கள். மாணவனாக இருந்தபோது வைத்த பெயர். இப்போது முதுகுக்குப் பின்னால் மட்டும். அக்காவுக்கு முதுகாவது முன்னாலாவது.

"என்னடா நெட்டை, சாப்பிட்டியா?"

"பசியில்லக்கா."

படிப்பறையில் அவன் மட்டும்தான் இருந்தான். ஜன்னலோர மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் அந்தப் பக்கம்தான். இவன் இருட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். பை காலுக்கு இடையில் இருந்தது.

"வெளிச்சத்துல உட்காரக் கூடாதா?"

"இதான் பழக்கம்."

"ஏழெட்டு எவ்வளவு?"

"ஐம்பத்தாறு." சட்டென்று வந்தது. பிறகு முகம் சுருங்கியது. "தூக்கக் கலக்கம்க்கா. வியாழக்கிழமை மேடம் அன்னைக்கே ஆன்சர் கீ வேணும்னாங்க. அவசரத்துல எழுதினேன்."

"செத்துப்போன பையன் உன் செட்டுதானே?"

"ஆமா."

"நல்ல சிநேகிதமா?"

பேனா நின்றது. "ஒரே பெஞ்ச்."

"அவன் அம்மாவைப் போய்ப் பார்க்கறதுண்டா?"

"இல்ல."

"இப்ப எங்க தங்கியிருக்க?"

"அதே ரூம்தான்க்கா. பாலத்துக்கு அந்தப் பக்கம். மாத்தணும்."

"ஏன், வீட்டுக்காரன் தொல்லையா?"

"சத்தம்க்கா. காலைல ஏழு மணிக்கு வாசல்ல ஸ்கூட்டர் வந்து நிக்கற மாதிரி சத்தம். எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா யாரும் இருக்கறதில்ல."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று தெரிந்தது அவனுக்கு. அக்கா ஒன்றும் கேட்காதவள் மாதிரி எழுந்தாள்.

"மூணு மணிக்குக் கடைக்கு வா. மேடமும் வர்றாங்க. அந்த விடைக்குறிப்பை எடுத்துட்டு வா. பையையும் எடுத்துட்டு வா."

பகல் 3.05.

"விசாரணை மேல, நீங்க என்னைக் கீழ கூப்பிடறீங்க" என்றார் பேராசிரியை.

"மெஷின் மாடி ஏறாது மேடம். நீங்கதான் இறங்கணும்."

கடையில் ஐந்து பேர் நிற்க இடமில்லை. நெட்டை வாசல் நிலையில் தலை இடிக்க நின்றான். அக்கா அம்மாவிடம் கைநீட்டினாள். அம்மா நோட்டைத் தர மறந்து நின்றார்; சின்னவள்தான் வாங்கிக் கொடுத்தாள். அக்கா பக்கம் எழுபத்தொன்றை விரித்தாள். நீல வட்டம், நீல அம்பு, மடையா என்ற திட்டு. எல்லாரும் பார்த்தார்கள். அதைக் கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அழுத்தினாள்.

பச்சை வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது. தாள் சூடாக வெளியே வந்தது.

ஏழெட்டு ஐம்பத்துநாலு. அதற்குக் கீழே 397. சுற்றி வட்டமில்லை, அம்பில்லை, ஐம்பத்தாறு இல்லை. பளிச்சென்று, தப்பாக, யாருமே திருத்தாத கணக்கு.

"எங்க போச்சு?" அம்மா தாளைப் பிடுங்கினார். "அவன் எழுதினது எங்க போச்சு? மறுநாள் எழுதினானே, எங்க போச்சு?"

"அசல்ல இருக்கும்மா. பதறாதீங்க." அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் மெஷினுக்கு வெளிர் நீலம் தெரியாது. உங்க நகலை எடுத்தது இந்தக் கைதான். ஒரு கை தாள் திருப்பும், ஒரு கை பட்டன் அமுக்கும், வாய் பின்னாடி நிக்கறவனைத் திட்டும். என்ன வருது, என்ன விட்டுப்போகுதுன்னு ஒரு பக்கமாவது பார்த்திருக்கணும். பார்க்கல. அந்தத் தப்பு என்னோடது."

பேராசிரியை தாளை வாங்கினார், நோட்டைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. "அப்ப இவ சொன்னது..."

"நெஜம். இவ படிச்ச நகல்ல திருத்தமே கிடையாது. போட்டுப் பார்த்திருந்தா கண்டுபிடிச்சிருப்பா. படிச்சா, ஒப்பிச்சா. இவ தப்பு அவ்வளவுதான்."

"சரி. ஆனா கீயிலயும் அதே தப்பு எப்படி வந்துச்சு?"

"அங்கதான் வர்றேன். நோட்டுல ஐம்பத்துநாலு. இவ தாள்ல ஐம்பத்துநாலு. விடைக்குறிப்புல ஐம்பத்துநாலு. மூணு பேருக்கும் ஒரே இடத்துல ஒரே தூக்கக் கலக்கமா? குறிப்பைக் காட்டுடா."

நெட்டை நீட்டினான். அக்கா அதைச் சூடான தாளின் பக்கத்தில் வைத்தாள். ஒன்பது வரி, ஒன்பது வரி. அண்ணன் ஓரத்தில் தொட்டிக்குப் படம் போட்டுக் குழாயை இடப்பக்கம் வைத்திருந்தான். குறிப்பிலும் தொட்டி, குழாய் இடப்பக்கம்.

"ஈயடிச்சான் காப்பி" என்றாள் அக்கா. "இவனும் நகலைப் பார்த்துதான் எழுதியிருக்கான். அசலைப் பார்த்திருந்தா 56 தெரிஞ்சிருக்கும்."

"என்கிட்ட ஏது நகல்?" என்றான் நெட்டை. பையை மார்போடு இறுக்கிக்கொண்டான்.

"நானும் அதைத்தான் யோசிச்சேன். அப்புறம் திருட்டை யோசிச்சேன். அசல் நோட்டு இங்க பத்திரமா இருக்கு. அசல் இருக்கறப்போ நகலை எவன் திருடுவான்? நகல் அசல் மாதிரி இல்லைன்னு தெரிஞ்சவன்தான் திருடுவான். இவ சொல்லியும் மேடம் அதை நம்பல. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் இந்தப் பொண்ணைத் திருடின்னு முடிவு பண்ணாங்க. நீ மட்டும் நீல வட்டத்தைப் பார்த்த நிமிஷமே புரிஞ்சுக்கிட்ட. ஏன்னா உன் நகல்லயும் அது இல்ல. கட்டு வெளிய வந்தா, நீ எதைப் பார்த்துக் கீ எழுதினன்னு தெரிஞ்சுடும். பதிவேடு எடுக்கப் போற வழியில ஆணியில சாவி."

"ஒரு கீயைப் பார்த்து எழுதினதுக்கா இத்தனை?" பேராசிரியைக்கு ஆற்றாமையாக இருந்தது. "என்கிட்ட சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டியிருப்பேன். ஒரு பொண்ணோட படிப்பையே..."

"கீக்காக இல்ல மேடம். அந்த நகலை எப்ப எடுத்தன்னு அடுத்து கேப்பீங்க. அதுக்காக." அக்கா அம்மாவின் பக்கம் திரும்பினாள். குரல் தானாகத் தணிந்தது. "அம்மா, அன்னைக்குப் பையில என்னென்ன வெச்சீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"தண்ணி பாட்டில், கால்குலேட்டர், ரெண்டு பேனா, ஹால் டிக்கெட்..."

அம்மா நின்றுவிட்டார்.

"நோட்டை நீங்க வைக்கல. திரும்பி வந்த பையில நோட்டு இருந்துச்சு. ஆறரைக்கும் ஏழேகாலுக்கும் நடுவுல யார்கிட்டயிருந்தோ வாங்கியிருக்கான். பழைய பாலத்து ரோட்டுல அவன் செட்டுல யார் இருந்தா?"

நெட்டை வாசல் நிலையிலேயே சரிந்து உட்கார்ந்தான். பையின் ஜிப்பைத் திறந்து இரண்டு கட்டுகளை எடுத்துத் தரையில் வைத்தான். ஒன்று வெள்ளையாக இருந்தது. இன்னொன்று ஓரம் மஞ்சளித்துப் போயிருந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து.

"கிழிக்கத்தான் எடுத்தேன்" என்றான். "அவன் எழுத்துக்கா. கிழிக்க முடியல."

"சொல்லுடா."

"முந்தின நாள் சாயங்காலம் நோட்டைக் கேட்டேன். காப்பி எடுத்துட்டு அப்பவே தர்றேன்னேன். இங்க ஒரே கூட்டம், லேட் ஆயிடுச்சு. காலைல நானே வந்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டான். ஏழு மணிக்கு வந்தான். நான் கதவைக்கூட முழுசாத் திறக்கல. நோட்டை வாங்கிட்டு, 'அக்கா மெஷின்ல என் திருத்தம் வந்திருக்காதுடா, ஒரு தடவை அசலைப் புரட்டிக்கோ, அஞ்சு நிமிஷம் நிக்கறேன்'னான். நான், 'எல்லாம் எனக்குத் தெரியும், நீ கிளம்பு'ன்னேன்." முகத்தை மூடிக்கொண்டான். "அஞ்சு நிமிஷம்மா. நின்னிருந்தா அந்த லாரி போயிருக்கும். திருத்தம் வராதுன்னு அவன் சொன்னதே எனக்கு மறந்துபோச்சு. அவன் கணக்கு சரியா இருக்கும்னு நம்பி எழுதினேன். இன்னைக்கு அந்த நீலத்தைப் பார்த்தப்போ அவனே என் முன்னாடி வந்து நின்ன மாதிரி இருந்துச்சு."

மெஷின் தானாக ஒரு முறை உறுமி அடங்கியது. அது அடிக்கடி செய்வதுதான். ஆனாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் சின்னவள் நினைத்தாள்.

"என் புள்ள சாகணும்னு அந்த ரோட்டுக்குப் போகலையே?"

"ஐயோ, இல்லம்மா! நோட்டு வாங்கத்தான் வந்தான். சிரிச்சுட்டுத்தான் போனான்."

"இந்த ஒரு வார்த்தையைப் பதினாலு மாசமா வெச்சுக்கிட்டு இருந்தியே, பாவி." அம்மா அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். உலுக்கியபடியே அழுதார். "இவளையும் இல்ல துரத்தப் பார்த்த! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். மணி 3.40. "விசாரணைக் குழுவுக்கு நானே சொல்லிக்கறேன். நீ என்கூட மேல வா" என்றார் நெட்டையிடம். இரண்டு படி ஏறியவர் திரும்பி சின்னவளைப் பார்த்தார். "உன்மேல பழி போட்டேன். தப்பு என்னோடது, மன்னிச்சுக்கோ. ஆனா ஏழாம் கேள்விக்கு மார்க் கிடையாது. 397 தப்பு."

"சரிங்க மேடம்" என்றாள் சின்னவள். அன்றைக்கு முதல் முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மாலை 5.30.

கூட்டம் குறைந்திருந்தது. அம்மாவும் மகளும் இன்னும் போகவில்லை. சின்னவள் இரண்டு கட்டுகளையும் பையில் வைக்கப் போனாள். அம்மா தடுத்தார். அசல் நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இனிமே இதையே வெச்சுக்கோ. பெட்டிக்குள்ள வெச்சு நான் என்னத்தக் கண்டேன்."

சின்னவள் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் நின்றாள். திருத்தாத பக்கம். வெகுநேரம் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிட்டாள்.

"அக்கா, ஒரு வெறும் தாள் குடுங்க."

அக்கா ஒரு தாளை உருவிக் கொடுத்தாள். சின்னவள் கேள்வியை மட்டும் மேலே எழுதிக்கொண்டு, தாள் கட்டின் மேல் வைத்துப் போட ஆரம்பித்தாள். பார்க்காமல் போட்டாள். ஒரு தடவை அடித்தாள். நகத்தைக் கடித்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. பிறகு நோட்டைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"மாறிலியைப் போடல" என்றாள். "அம்மா, அண்ணன் கடைசில மாறிலியை மறந்துட்டான். மேடம் அரை மார்க் குறைச்சிருப்பாங்க."

அம்மாவுக்கு மாறிலி என்றால் என்ன என்று தெரியாது. ஆனால் கைப்பையைத் திறந்து, நூல்கண்டுக்கும் ஊசிப்பெட்டிக்கும் அடியில் துழாவி, விரல் நீளம்கூட இல்லாத நீலப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

சின்னவள் அந்த இடத்தில் மெல்ல ஒரு வட்டம் போட்டாள். அம்பு போட்டாள். விட்டுப்போனதை எழுதினாள். ஓரத்தில் அன்றைய தேதியைப் போட்டு, அதற்குக் கீழே 'மாறிலி எங்கடா, மடையா' என்று எழுதினாள்.

"இப்ப சரியா?" என்று கேட்டார் அம்மா.

"சரிம்மா."